தார் கடைசி: ஒரு ரோட்டை முதல்லேர்ந்து டிசைன் பண்றது எப்படி

ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மழை பெஞ்சா போதும், வேளச்சேரில ஆரம்பிச்சு வியாசர்பாடி வரைக்கும் எல்லார் வாயிலயும் ஒரே பேச்சுதான், "தார் சரியில்ல, காசு அடிச்சுட்டானுங்க". காசு அடிச்சாங்களா இல்லையான்றது வேற கதை, ஆனா ஒரு ரோடு நிக்குமா நிக்காதான்றதை மேல இருக்கிற அந்த 30, 40 மி.மீ. தார் மட்டும் முடிவு பண்றது இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே, பேப்பர்ல லெவல், அதாவது எந்த இடம் எவ்ளோ உயரம்னு, போடும்போதே பாதி முடிவாயிடுது. அதனால இந்த வழிகாட்டில தார் கடைசியாத்தான் வரும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

சும்மா தியரியா சொன்னா தூக்கம் வரும். அதனால ஒரு கற்பனை ரோடு எடுத்துக்கலாம். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம், நீளம் 1.2 கி.மீ., மொத்த அகலம் 18 மீட்டர், ஒரு பக்கம் வரிசையா வீடுங்க, இன்னொரு பக்கம் தாழ்வான நிலம், அதைத் தாண்டி சதுப்பு. நடுவுல ஒரு வளைவு, ரெண்டு மூணு தெரு வந்து சேருது. சென்னைல இருக்கிற முக்காவாசி தலைவலியும் இந்த ஒரு ரோட்டுல வந்துடும்.

அளவெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு கேப்பீங்க. 1927-ல ஜெயகர் கமிட்டின்னு ஒன்னு போட்டாங்க, அது சொன்னதுல ஒன்னாத்தான் 1934-ல இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வந்துச்சு. சுருக்கமா ஐ.ஆர்.சி., ஐ.ஆர்.சி கோடுன்னு சைட்ல எல்லாரும் சொல்றது இவங்க போடுற விதிமுறை புக்கைத்தான். தார் ரோட்டுக்கு 37, கான்கிரீட் ரோட்டுக்கு 58, நகரத்து ரோட்டோட வடிவத்துக்கு 86, நடைபாதைக்கு 103, இந்த நாலை வெச்சுக்கிட்டாலே ஆரம்பத்துக்கு போதும்.

முதல் வேலை: யாரு போறாங்கன்னு எண்ணுங்க

ரோட்டோரம் ஆள் உக்காந்து வண்டி எண்ணுறதை பாத்திருப்பீங்க. ஒழுங்கா பண்ணணும்னா ஏழு நாள், 24 மணி நேரமும் எண்ணணும். திங்கக்கிழமை காலைல மட்டும் எண்ணிட்டு வந்தா ஐ.டி. கம்பெனி பஸ் மட்டும்தான் கணக்குல வரும், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் மாலுக்கும் போற கூட்டம் வராது.

எண்ணுனதை ரெண்டு விதமா பிரிக்கணும், இந்த இடத்துலதான் புதுசா வர்ற பசங்க குழப்பிக்கிறாங்க. அகலம் எவ்ளோ வேணும்ன்ற கேள்விக்கு எல்லா வண்டியும் கணக்கு. ஆனா ஒரு பஸ்ஸும் ஒரு ஸ்கூட்டியும் ஒரே இடம் அடைக்காது, அதனால கார்னா 1, டூவீலர்னா சுமார் அரை, பஸ்ஸுன்னா 2-லேர்ந்து 3-க்கு மேலன்னு ஒரு எடை போட்டு எல்லாத்தையும் கார் கணக்குக்கு மாத்துவாங்க, அதுக்கு பேரு பி.சி.யு. ரோடு எவ்ளோ கனமா இருக்கணும்ன்ற கேள்விக்கோ, லோடோட 3 டன்னுக்கு மேல வர்ற வண்டி மட்டும்தான் கணக்கு. கார், ஆட்டோ, பைக்கை எல்லாம் அந்த கணக்குலேர்ந்து தூக்கிடலாம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

நடக்கிறவங்களையும் எண்ணுங்க. யாரும் எண்ணுறது இல்ல, அதான் நம்ம ஊர்ல நடைபாதை எங்க வேணுமோ அங்க இல்ல.

அடுத்து வேகம்

டிசைன் ஸ்பீடுன்றது போர்டுல போடுற நம்பர் இல்ல. வளைவு, பார்வை தூரம், சரிவு எல்லாமே இதுலேர்ந்துதான் பிறக்கும். ஊருக்குள்ள பெரிய மெயின் ரோட்டுக்கு 80, அதுக்கு அடுத்ததுக்கு 60, தெருக்களை சேர்த்து மெயின் ரோட்டுக்கு கொண்டு போற ரோட்டுக்கு 50, உள் தெருவுக்கு 30 கி.மீ.ன்றது ஐ.ஆர்.சி. கணக்கு. நம்ம ரோடு மூணாவது ரகம், 50.

இங்க பேராசைப்பட்டு 80 வெச்சா என்ன ஆகும்னா, ரோடு நேரா, அகலமா, அழகா வரும், ராத்திரி பதினோரு மணிக்கு பசங்க 100-ல போவாங்க. வீடு இருக்கிற இடத்துல வேகத்தை குறைச்சு டிசைன் பண்றதுதான் புத்திசாலித்தனம், அப்புறமா பத்தடிக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டு சமாளிக்கிறது இல்ல. ஸ்பீடு பிரேக்கர்னதும் ஞாபகம் வருது, கோடு படி அது 10 செ.மீ. உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் இருக்கணும், அப்போ 25 கி.மீ. வேகத்துல இடுப்பு உடையாம தாண்டலாம். நம்ம தெருவுல மிச்சம் இருக்கிற தாரை கொட்டி ஒரு முழத்துக்கு மேடு பண்றாங்களே, அதுக்கு எந்த கோடும் கிடையாது. அதுவும் இந்த கெர்ப்லேர்ந்து (ரோட்டு ஓரத்து கல்) அந்த கெர்ப் வரைக்கும் அடைச்சு போட்டு மழைத்தண்ணிக்கு அணை கட்டிடுறாங்க. ஓரத்துல ஒரு இடைவெளி விடுங்கப்பா.

சர்வே: வீட்டு வாசப்படி வரைக்கும் லெவல் எடுங்க

டோட்டல் ஸ்டேஷன்ன்ற சர்வே கருவி வெச்சு வளைவு, மரம், இ.பி. கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்தையும் பிடிச்சுடுவாங்க, அதுல பிரச்சினை இல்ல. உயரம் எடுக்கிறதுலதான் சோம்பேறித்தனம் வருது. ஆட்டோ லெவல்ன்ற உயரம் பாக்குற கருவியை ஸ்டாண்டுல நிறுத்தி, ஒரு நம்பகமான பெஞ்ச்மார்க்லேர்ந்து (உயரம் ஏற்கனவே தெரிஞ்ச இடம்) ஆரம்பிச்சு, 10 மீட்டருக்கு ஒருதரம் குறுக்க நடு, ஓரம், நடைபாதை, காம்பவுண்டு சுவர்னு ஸ்டாஃப் (உயரம் அளக்கிற கோல்) பிடிக்கணும். கூடவே ஒவ்வொரு வீட்டு கேட்டு லெவல், பழைய வடிகால் இருந்தா அதோட அடி லெவல், தண்ணி கடைசியா போய் சேர்ற இடத்தோட லெவல். இந்த மூணும் இல்லாத சர்வேயை நான் சர்வேன்னே ஒத்துக்க மாட்டேன்.

அப்புறம் ஜனங்ககிட்ட பேசுங்க. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் யாரைக் கேட்டாலும் சுவத்துல கைய வெச்சு காட்டுவாங்க. அந்த கை வெச்ச இடத்துல ஸ்டாஃபை நிறுத்தி ஒரு ரீடிங் எடுத்துக்கோங்க, எந்த ரிப்போர்ட்லயும் கிடைக்காத டேட்டா அது. இந்த மாதிரி சைட்ல லெவல் எடுத்துட்டு இருந்தா கண்டிப்பா ஒரு அம்மா கேட்டுக்கு வெளிய வந்து நிப்பாங்க, "தம்பி, போன தடவை போட்டப்பவே ஒரு படி உள்ள போயிடுச்சு, இந்த தடவை ரோட்டை எங்க தலைக்கு மேல போட்டுடாதீங்க"ன்னு. அவங்க சொல்றதுதான் இந்த மொத்த டிசைனோட முதல் கண்டிஷன்.

18 மீட்டரை பங்கு போடுறது

ரெண்டு லேன், ரெண்டு பக்கமும் கெர்ப் வெச்சா 7.5 மீட்டர். ரெண்டு பக்கமும் பார்க்கிங் தலா 2.5 மீட்டர், ஏன்னா நீங்க கொடுக்கலன்னாலும் எடுத்துப்பாங்க. நடைபாதை குறைஞ்சது தலா 1.8 மீட்டர், ரெண்டு பேர் எதிரெதிர நடக்கவோ வீல் சேர் போகவோ அது வேணும். கூட்டினா 16.1. மிச்சம் 1.9 மீட்டர்ல மரம், கம்பம், கேபிள், மெட்ரோ வாட்டர் பைப், எல்லாம். வடிகால் நடைபாதைக்கு அடில போயிடும். தி.நகர் பாண்டி பஜார்ல 2019-ல நடைபாதையை பெருசு பண்ணாங்களே, அந்த மாதிரி பண்ண ஆசை இருந்தா பார்க்கிங்கை தூக்கணும், அதுக்கு ஏரியால யாரும் லேசுல சம்மதிக்க மாட்டாங்க.

குறுக்கு சரிவுக்கு பேரு கேம்பர். தார் ரோட்டுக்கு 1.7-லேர்ந்து 2.5 சதவீதம் வரைக்கும், மழை ஜாஸ்தின்னா மேல் பக்கம். சென்னைக்கு நான் யோசிக்காம 2.5 வெப்பேன். நடுவுலேர்ந்து கெர்ப் வரைக்கும் லேனும் பார்க்கிங்கும் சேர்த்து 6.25 மீட்டர், அதுல 2.5 சதவீதம்னா 156 மி.மீ. அதாவது நடு ரோடு, ஓரத்தைவிட அரை அடி உயரம். இந்த நம்பரை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல வீட்டு கேட்டோட மோதப்போகுது.

கண்ணுக்கு எவ்ளோ தூரம் தெரியணும்

டிரைவர் எதிர்ல ஏதோ இருக்குன்னு பாத்து, யோசிச்சு, பிரேக்ல கால் வெக்க 2.5 செகண்டுன்னு கோடு எடுத்துக்குது. 50 கி.மீ. வேகத்துல அந்த 2.5 செகண்டுலயே வண்டி கிட்டத்தட்ட 35 மீட்டர் போயிடும். அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 26 மீட்டர் சொச்சம். மொத்தம் சுமார் 60 மீட்டர். 80-ல போனா 120, 100-ல போனா 180 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கு ஆனா நிக்கிற தூரம் ரெண்டு மடங்கோட நிக்காது, ஏன்னா பிரேக் தூரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும்.

டிரைவரோட கண் தரைலேர்ந்து 1.2 மீட்டர், எதிர்ல கிடக்கிற பொருள் 15 செ.மீ. உயரம்னு வெச்சு, வளைவோட உள் பக்கத்துல அந்த 60 மீட்டர் நீளத்துக்கு பார்வை மறைக்காம இருக்கான்னு டிராயிங்ல லைன் போட்டு பாக்கணும். மறைக்கிறது என்னவா இருக்கும்? பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர், பிளெக்ஸ் பேனர், நிறுத்தி வெச்ச வேன், சில சமயம் பஸ் ஸ்டாப்பே. டிரான்ஸ்ஃபார்மரை தள்ள லெட்டர் எழுதி காத்திருக்கிறதைவிட வளைவுல பார்க்கிங்கை வெட்டிடுறது சுலபம். அதை செய்ய இன்னொரு காரணமும் இருக்கு, அடுத்ததுல பாருங்க.

வளைவு

வளைவுல வண்டி வெளிப்பக்கம் தள்ளும். அதை எதிர்க்கிறது ரெண்டு விஷயம், டயரோட பிடிப்பும், ரோட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் தூக்கி வெக்கிறதும். இந்த தூக்கலுக்கு பேரு சூப்பர் எலிவேஷன். கணக்கு சிம்பிள்: வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை 127-ஆலயும் ஆரத்தாலயும் வகுத்தா வர்றது, தூக்கலும் பிடிப்பும் சேர்ந்த அளவுக்குள்ள இருக்கணும். பிடிப்புக்கு 0.15 எடுத்துக்கலாம். தூக்கல் ஹைவேஸ்ல சமதளத்துல அதிகபட்சம் 7 சதவீதம், ஊருக்குள்ள அடிக்கடி ஜங்ஷன் வர்ற இடத்துல 4 சதவீதம்.

நம்ம ரோட்டுக்கு: 50 × 50 = 2500. 127-ஐ 0.19-ஆல பெருக்குனா 24.13. வகுத்தா 103.6, சரி 105 மீட்டர் ஆரம் வெச்சுக்கலாம். இடம் இல்ல, ஒரு ஓரத்துல கோயில் இருக்கு, 60 மீட்டர்தான் கிடைக்கும்னா? கணக்கை திருப்பி போடுங்க, 38 கி.மீ. வரும். அப்போ அந்த இடத்துல 35 போர்டு வெச்சு, முன்கூட்டியே எச்சரிக்கை போர்டும் வெச்சு, வண்டியை நிஜமாவே மெதுவாக்குற மாதிரி ஏதாவது பண்ணணும். 50-னு எழுதிட்டு 60 மீட்டர் வளைவை கொடுக்கிறது நேர்மை இல்ல.

4 சதவீதம்னா 7.5 மீட்டர் அகலத்துல வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 300 மி.மீ. உயரம். பார்க்கிங்கையும் சேர்த்து 12.5 மீட்டர் முழுக்க அதே சரிவுல கொண்டு போனா அரை மீட்டர்! வெளிப்பக்க வீட்டுக்காரர் நிலைமையை யோசிச்சு பாருங்க. அதான் வளைவுல பார்க்கிங் வேணாம்னேன்.

இன்னொன்னு, வளைவுல தண்ணி முழுக்க உள் பக்கம் மட்டும்தான் ஓடும், அதனால மழைநீர் வாங்குற ஜாலியெல்லாம் (வடிகால் மேல இருக்கிற கம்பி மூடி) உள் பக்கம் நெருக்கமா இருக்கணும், வெளிப்பக்கம் வெச்சா அதுல பிளாஸ்டிக் கவர் மட்டும்தான் சேரும். இதைவிட முக்கியமா ஒரு இடம் இருக்கு. நேர் ரோட்டுல ரெண்டு பக்கமும் சரிவு, வளைவுல ஒரே பக்கம் சரிவு. ஒன்னுலேர்ந்து இன்னொன்னுக்கு மாறும்போது வெளிப்பக்க பாதி ரோடு, ஓரத்தை பாத்த சரிவுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எழுந்து, ஒரு கட்டத்துல முழுசா மட்டமா ஆகி, அப்புறம் மறுபக்கம் சாயும். அந்த மட்டமான இடத்துல நீளவாக்குலயும் சரிவு இல்லன்னா தண்ணிக்கு போக்கிடமே கிடையாது. அடுத்த தடவை நீங்க வண்டில போகும்போது வளைவு ஆரம்பிக்கிற இடத்துல எங்க பள்ளம் இருக்குன்னு கவனிங்க, நிறைய இடத்துல சரியா இந்த ஸ்பாட்லதான் இருக்கும். அங்க நீளவாக்கு சரிவு குறைஞ்சது அரை சதவீதம் இருக்கிற மாதிரி வளைவோட ஆரம்பத்தை முன்ன பின்ன தள்ளி வெக்கணும்.

நேர் ரோடும் வளைவும் சட்டுனு ஒட்டக்கூடாது, நடுவுல ஆரம் மெல்ல மெல்ல குறையுற டிரான்சிஷன் வளைவு வேணும். வேகம் கம்மியான ஊர் ரோட்டுல இது சின்னதா இருந்தா போதும், ஹைவேஸ்ல இது இல்லாம தொடவே தொடாதீங்க.

மேம்பால வளைவு எப்படி இருக்கும்னு பாக்கணும்னா கத்திப்பாரா போங்க, 2008-ல திறந்த குளோவர் லீஃப், அதாவது நாலு இலை மாதிரி சுத்து ரோடு (லூப்) வெச்ச மேம்பாலம். அங்க வலது பக்கம் போறவர் இடது பக்கமா 270 டிகிரி சுத்துறார், எதிர் வண்டியை வெட்டிக்கிட்டு போற வேலையே இல்ல. அதுக்கு பதிலா ஒரு லூப்லேர்ந்து ஏறுறவரும் அடுத்த லூப்ல இறங்குறவரும் கொஞ்ச தூரத்துக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பின்னிக்கிட்டு போகணும். குளோவர் லீஃபோட பலவீனம் அந்த பின்னல்தான். 1973-ல வந்த ஜெமினி மேம்பாலம் நம்ம ஊருக்கு முதல் மேம்பாலம், அங்கேர்ந்து இங்க வர்றதுக்குள்ள ஊர் எவ்ளோ மாறிடுச்சுன்றது தனி கதை.

லெவல்: கீழேர்ந்து மேல வாங்க

இதுதான் என் மனசுக்கு நெருக்கமான பகுதி, மத்ததை வேகமா படிச்சிருந்தாலும் இதை மட்டும் நிதானமா படிங்க.

மலை ரோட்டுல பிரச்சினை ஏத்தம் ஜாஸ்தி, சமதளத்துல கோடு 3.3 சதவீதம் வரைக்கும் ஏத்தலாம்னு சொல்லுது, நமக்கு அது பிரச்சினையே இல்ல. நம்ம பிரச்சினை சரிவே இல்லாதது. கெர்ப் வெச்ச ரோட்டுக்கு நீளவாக்குல 0.5, முடியலன்னா 0.3 சதவீதமாவது வேணும். 1.2 கி.மீ.க்கு 0.3 சதவீதம்னா 3.6 மீட்டர் இறக்கம். சென்னைல அந்த இறக்கத்துக்கு எங்க போறது? அதனால ரோட்டை லேசா ஏத்தி இறக்கி, ரம்பப்பல் மாதிரி, ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு ஜாலி வெச்சு தண்ணியை வடிகாலுக்குள்ள தள்ளிடணும். ஓட்டுறவருக்கு தெரியவே தெரியாது.

இப்போ ரோடு எந்த உயரத்துல இருக்கணும்? பெரும்பாலான இடத்துல பழைய ரோட்டு மேல எவ்ளோ கனம் வேணுமோ அவ்ளோ கூட்டி புது லெவல்னு எழுதிடுறாங்க. அப்படி எழுதுனா மேலேர்ந்து கீழ போறீங்க, வடிகாலுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். திருப்பி போடுங்க. சதுப்புல மழைக்காலத்து தண்ணி மட்டம், பெஞ்ச்மார்க் கணக்குல, 2.00 மீட்டர்னு வெச்சுக்குவோம், இனிமே வர்ற லெவலெல்லாம் அதே கணக்குதான். வடிகாலோட வாய், அதாவது தண்ணி வெளிய கொட்டுற இடம், அதுக்கு கீழ போனா தண்ணி வெளிய போகாது, உள்ள வரும். அதனால வாய்ல அடி லெவல் 2.00.

நடுவுல ஒரே ஒரு வாய்தான்னா, வடிகால் ரெண்டு பக்கமும் 600 மீட்டர் ஓடி வரணும். ஆயிரத்துக்கு ஒன்னுன்னு சரிவு கொடுத்தா வடிகால் ஆரம்பிக்கிற கோடி முனைல அடி லெவல் 2.60. உள் ஆழம் 0.75, மேல மூடி 0.15, ஆக நடைபாதை 3.50. ரோட்டு ஓரம் அதைவிட 15 செ.மீ. கீழ, 3.35. நடு ரோடு அதோட 156 மி.மீ. கூட்டி கிட்டத்தட்ட 3.51. அந்த அம்மா வீட்டு கேட்டு 3.40. முடிஞ்சுது, நடைபாதையும் நடு ரோடும் அவங்க கேட்டுக்கு மேல.

இப்போ வாயை ரெண்டாக்குங்க, 300-வது மீட்டர்லயும் 900-வது மீட்டர்லயும். எந்த இடத்துலேர்ந்தும் தண்ணி 300 மீட்டருக்கு மேல ஓட வேணாம். கோடி முனைல அடி லெவல் 2.30, நடைபாதை 3.20, ஓரம் 3.05, நடு ரோடு 3.21. எல்லாமே கேட்டுக்கு கீழ. ஒரு வாய் கூட்டுனதுல 30 செ.மீ. மிச்சம், இதை எந்த உயர்ந்த ரக தாரும் கொடுக்காது. அப்பவும் பத்தலன்னா வடிகாலை ஆழம் குறைச்சு அகலமாக்கலாம்.

வடிகால் அளவுக்கு ஒரு கணக்கு: பரப்பு ஹெக்டேர்ல, மழை மணிக்கு மி.மீ.ல, ரெண்டையும் பெருக்கி, தரைல எவ்ளோ பங்கு ஓடும்ன்றதால பெருக்கி, 360-ஆல வகுத்தா செகண்டுக்கு எத்தனை கன மீட்டர்னு வரும். நம்ம ரோடு 2.16 ஹெக்டேர், மழை மணிக்கு 70 மி.மீ., ஓடுற பங்கு 0.9. விடை 0.378, அதாவது செகண்டுக்கு 378 லிட்டர். இது ரோட்டு மேல விழுற தண்ணி மட்டும்தான், பக்கத்து தெருவும் மொட்டை மாடியும் சேர்ந்தா பல மடங்கு ஆகும், அதை விட்டுட்டா வடிகால் மொத மழைலயே நிரம்பி வழியும்.

அடில என்ன இருக்கு

முன்னாடி கார் பைக்கை கணக்குலேர்ந்து தூக்கலாம்னு சொன்னேனே, காரணம் நாலாம் அடுக்கு விதி. ஒரு ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்குற தண்டு) மேல எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் 16 மடங்கு. அரை டன் ஆக்ஸிலுக்கும் 8 டன் ஆக்ஸிலுக்கும் எடைல 16 மடங்கு வித்தியாசம்னா சேதத்துல 65 ஆயிரம் மடங்கு. அப்போ கார் என்ன பண்ணிடப்போகுது? கோடுல அடிப்படை ஆக்ஸில் 80 கிலோ நியூட்டன், சுமார் 8.16 டன். நாலு டயர் இருக்கிற பின் ஆக்ஸிலுக்கு சட்டப்படி 10.2 டன்னா இருந்த லிமிட்டை 2018-ல 11.5 டன்னா ஏத்துனாங்க. எடை ஏறுனது 13 சதவீதம் கூட இல்ல, சேதம் 60 சதவீதத்துக்கு மேல ஏறும். ஒரு 11.5 டன் ஆக்ஸில் ஒருதரம் போனா அடிப்படை ஆக்ஸில் கிட்டத்தட்ட நாலு தரம் போன மாதிரி. நம்ம ஓ.எம்.ஆர். பக்கத்து அபார்ட்மென்டுக்கெல்லாம் விடியக்காலைலேர்ந்து ஓடுற தண்ணி லாரி இருக்கே, 12,000 லிட்டர்னா தண்ணி மட்டுமே 12 டன். சின்ன உள் ரோட்டை உடைக்கிறது யாருன்னு இப்போ புரியும்.

நம்ம ரோட்டுல ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 கனரக வண்டி, வருஷத்துக்கு 5 சதவீத வளர்ச்சி, 15 வருஷ ஆயுள், ரெண்டு லேன்ல பாதி பாதி, ஒரு வண்டிக்கு சராசரி சேதம் 3.9 அடிப்படை ஆக்ஸில்னு போட்டா மொத்தம் சுமார் 30 லட்சம் ஆக்ஸில் வரும். இதைத்தான் 3 எம்.எஸ்.ஏ. (மில்லியன் ஸ்டாண்டர்டு ஆக்ஸில்)ன்னு சொல்லுவாங்க.

அடுத்தது மண். சி.பி.ஆர். டெஸ்ட்டுன்னு ஒன்னு, மண்ணை அச்சுல இறுக்கி, நாலு நாள் தண்ணில ஊற வெச்சு, 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருளையை மெதுவா அழுத்தி, எவ்ளோ தாங்குதுன்னு பாக்குறது. ஊற வெக்காம பண்ண டெஸ்ட் ரிப்போர்ட்டை யாராவது நீட்டுனா திருப்பி கொடுத்துடுங்க, நவம்பர் மாசத்து மண் அப்படி காஞ்சு இருக்காது. கடலோர மணல் பக்கம் சி.பி.ஆர். நல்லா வரும், சதுப்பு களிமண்ல ரெண்டு மூணுதான் வரும். 5-க்கு கீழ வந்தா மேல் அரை மீட்டர் மண்ணை எடுத்துட்டு நல்ல கிராவல் போடணும், இல்ல சுண்ணாம்போ சிமென்டோ கலந்து கெட்டி பண்ணணும். அந்த மேல் 500 மி.மீ.தான் சப்கிரேடு, ஆய்வகத்துல கிடைக்கிற உச்ச அடர்த்தில 97 சதவீதமாவது சைட்ல வரணும்.

அதுக்கு மேல வரிசை: ஜி.எஸ்.பி. (அடி ஜல்லி அடுக்கு) 200 மி.மீ. சொச்சம், வெட் மிக்ஸ் (தண்ணி கலந்து இறுக்குன ஜல்லி) 250, டி.பி.எம். (கீழ் தார் அடுக்கு) 50-க்கு மேல, கடைசியா பி.சி. (மேல் தார் அடுக்கு) 30, 40. இது ஒரு உத்தேசம்தான், உங்க ஆக்ஸில் எண்ணிக்கைக்கும் சி.பி.ஆருக்கும் கோடு பாத்து போட்டுக்கோங்க. இதுல ஜி.எஸ்.பி.ய எல்லாரும் வெறும் ஜல்லி மண்ணா பாக்குறாங்க, அது உள்ள இறங்குற தண்ணியை ஓரத்துக்கு கொண்டு போற வடிகட்டி. அதை ரோட்டு அகலத்தோட நிறுத்தி ஓரத்தை களிமண்ணால அடைச்சுட்டா தண்ணி உள்ளயே தேங்கி, மேல லாரி ஏற ஏற சேறு ஜல்லிக்கு நடுவுல பொங்கி வரும். ஓரம் வரைக்கும் இழுத்து வடிகால் சுவர் ஓட்டைல சேர்த்து விடுங்க.

ஜங்ஷன் பத்தி ரெண்டே வார்த்தை. நாலு ரோடு சந்திச்சா வண்டிங்க மோத வாய்ப்புள்ள புள்ளி 32, மூணு ரோடு சந்திச்சா 9. அதனால எதிரெதிர் தெருக்களை நேருக்கு நேர் சேர்க்காம கொஞ்சம் தள்ளி சேர்க்க முடிஞ்சா சேர்த்துடுங்க. ஓ.எம்.ஆர்-ல இந்திரா நகர், டைடல் பார்க் கிட்ட யூ வடிவ மேம்பாலம் கட்டுனதும் குறுக்க வெட்டுற திருப்பத்தை எடுத்துவிடத்தான்.

சரி, தார்

சென்னை வெயிலுக்கு வி.ஜி. 30 ரக தார்தான் வழக்கம், கனரக வண்டி ரொம்ப ஜாஸ்தின்னா வி.ஜி. 40. பிளான்ட்ல கலவை 150-லேர்ந்து 165 டிகிரில கிளம்பணும், விரிக்கும்போது 140-க்கு கீழ இறங்கக்கூடாது, ரோலர் வேலை 90 டிகிரிக்கு முன்னாடி முடியணும். கணக்கு பேப்பர்ல சுலபம். லாரி ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்ல மாட்டி தார்ப்பாய் இல்லாம வந்து சேர்ந்தா என்ன ஆகும்? மேல ஓடு மாதிரி இறுகி இருக்கும், உள்ள மட்டும் ஆவி பறக்கும். தெர்மாமீட்டரை மேலாப்புல சொருகாம நல்லா உள்ள இறக்கி, லாரியோட ரெண்டு மூலையிலயும் பாருங்க, கம்மியா இருந்தா லாரியை திருப்பி அனுப்புங்க. டிரைவர் அண்ணன் கத்துவாரு, கத்தட்டும். சூடு குறைஞ்ச கலவை ரோலர் போனாலும் இறுகாது, பொத்தல் பொத்தலா நிக்கும், அது வழியா முதல் மழை உள்ள இறங்கும்.

விரிக்கிறதுக்கு முன்னாடி கம்ப்ரஸர் வெச்சு தூசியை ஊதி தள்ளிட்டு, வெட் மிக்ஸ் மேல பிரைம் கோட், தார் மேல தார் போடும்போது டேக் கோட், ரெண்டுமே மேல் அடுக்கு ஒட்டிக்க தெளிக்கிற மெல்லிய தார். டேக் கோட்டை கைல மக் வெச்சு கோலம் போடுற மாதிரி தெளிச்சுட்டு போறதை பல சைட்ல பாக்கலாம், மேல் அடுக்கு அப்பளமா உரிஞ்சு வர்றது அதனாலதான்.

பிளாஸ்டிக் ரோடு பத்தி எல்லாரும் கேப்பாங்க. மதுரை தியாகராஜர் காலேஜ் வாசுதேவன் சார் கண்டுபிடிச்ச முறை, சூடான ஜல்லி மேல துண்டு பண்ண பிளாஸ்டிக்கை போட்டு பூசி, அப்புறம் தார் சேர்க்கிறது. நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவுல 2002-லயே போட்டாங்க. நல்ல முறைதான், ஆனா கீழ லெவல் தப்பா இருந்தா அதாலயும் தண்ணியை மேல ஏத்தி அனுப்ப முடியாது.

மறுபடி போடும்போது மேல மேல போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் 50 மி.மீ. ஏத்துனா மூணு தடவைல அரை அடி, நம்ம 156 மி.மீ. கேம்பர் கணக்கு அத்தனையும் வீட்டு வாசலுக்கு எதிரா திரும்பிடும். பழைய அடுக்கை மில்லிங் மெஷின்ல சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு சார் உத்தரவே போட்டார். டெண்டர்ல மில்லிங் ஆழம், எடுத்த பிறகு இருக்கிற லெவல், போட்ட பிறகு இருக்கிற லெவல் மூணையும் தனித்தனியா எழுதி வாங்குங்க, இல்லன்னா மேலாப்புல கீறிட்டு மில்லிங்னு பில் போட்டுடுவாங்க.

கடைசியா ஒரு செக், செலவு ஒரு தண்ணி லாரிதான். டி.பி.எம். போட்டு முடிச்சதும், பி.சி. போடுறதுக்கு முன்னாடி, நடு ரோட்டுல தண்ணியை விட்டுட்டு அரை மணி நேரம் நில்லுங்க. எங்கெல்லாம் தேங்குதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போட்டு, ஸ்கேல் வெச்சு ஆழத்தை எழுதி, பி.சி. விரிக்கிறதுக்குள்ள அந்த இடத்தை மட்டும் சரி பண்ணுங்க. வளைவு ஆரம்பத்துல சொன்ன அந்த மட்டமான இடம், ஜாலியோட விளிம்பு, மேன்ஹோல் மூடியைச் சுத்தி, இந்த மூணு இடத்துலதான் வட்டம் அதிகமா விழும். மேன்ஹோல் மூடியை அன்னிக்கே புது லெவலுக்கு ஏத்தியோ இறக்கியோ கான்கிரீட் போட்டு, அது செட் ஆன பிறகுதான் பேவரை (தார் விரிக்கிற மெஷின்) உள்ள விடணும்.